அப்பாவின் நிலத்தில் உங்கள் பங்கு: குமரி மாவட்டப் பெண்களுக்கு, இறப்புச் சான்று முதல் தனிப்பட்டா வரை

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டுப் போனால் முதல் கேள்வி, "பட்டா யாரு பேர்ல இருக்கு?" என்பதுதான். சொட்டுநீர் மானியம், பயிர்க் காப்பீடு, காற்றில் வாழை சாய்ந்தால் வரும் நிவாரணம் எல்லாம் அந்தக் கேள்வியில்தான் போய் நிற்கும். ஏலாவில், அதாவது வயல்வெளியில், நாற்று நட்டதும் களை பறித்ததும் நீங்களாகவே இருக்கலாம். பட்டாவில் பெயர் இல்லையென்றால் அலுவலகக் கணக்கில் நீங்கள் விவசாயி இல்லை.

அப்பா இறந்தபின் வயலிலும் விளையிலும் (தோட்ட நிலத்திலும்) எனக்குள்ள பங்கை என் பெயருக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சட்டம் என் பக்கம்தான் இருந்தது. எந்தக் காகிதத்தை எந்த வரிசையில், எந்த மேசைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை. ஆளுக்கொரு வழி சொன்னார்கள். அதில் பாதி, என்னைச் சும்மா இருக்க வைப்பதற்காகச் சொன்னது. அடுத்து வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் குறையட்டும் என்று இதை எழுதுகிறேன்.

இது பட்டா நிலத்துக்கு மட்டும். அப்பாவோ அம்மாவோ கணவரோ இறந்து, நிலம் இன்னும் அவர் பெயரிலேயே கிடக்கிறது என்றால் கீழே உள்ளது உங்களுக்குப் பயன்படும். புறம்போக்கு, கோயில் நிலம், குத்தகை நிலத்துக்கெல்லாம் வழி வேறு.

1. முதலில், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்

பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்த கையோடு யாராவது ஒரு தாளை நீட்டுவார்கள். "சும்மா ஒரு ஒப்புக்குத்தான், ஆபீசில கேக்காங்க" என்பார்கள். துக்க வீட்டில் எதையும் வாசித்துப் பார்க்கும் மனநிலை இருக்காது. அதனால்தான் அந்த நேரம் பார்த்து வருகிறது. நீட்டப்படுவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்.

விடுதலைப் பத்திரம், அதாவது நம்மூர்ப் பழைய ஆதாரங்களில் (நிலப் பத்திரங்களில்) ஒழிமுறி என்று வருவது. அதைப் பதிவு செய்துவிட்டால் உங்கள் பங்கு போயிற்று. பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்று நிரூபிக்க நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில்தான் விழும்.

முக்தியார், அதாவது பொது அதிகாரப் பத்திரம். "நீ சென்னையில இருக்க, ஒவ்வொரு தடவையும் வரணுமா?" என்று நல்லதுபோலத்தான் கேட்பார்கள். விற்கும் அதிகாரமும் அதற்குள் எழுதப்பட்டிருந்தால் உங்கள் பங்கை உங்களுக்குத் தெரியாமலே விற்க முடியும். வர முடியாத நிலை என்றால், எந்த சர்வே எண்ணுக்கு, எந்த வேலைக்கு என்று குறிப்பிட்டு, விற்பனை அதிகாரம் இல்லாத தனி அதிகாரப் பத்திரமாக மட்டும் எழுதிக் கொடுங்கள்.

மூன்றாவது, "அண்ணன் பெயருக்குப் பட்டா மாற்ற ஆட்சேபணை இல்லை" என்ற கடிதம். இதனால் உரிமை போகாது, ஆனால் பட்டா அவர் ஒருவர் பெயருக்குப் போய்விடும். நான்காவது, எழுதாத வெற்று முத்திரைத்தாள். இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மறுக்கச் சங்கடமாக இருந்தால் ஒரே பதில் போதும்: "நகல் தாங்க, வாசிச்சிட்டுச் சொல்றேன்." நல்ல மனதுள்ள அண்ணன் நகல் தருவார்.

2. உங்கள் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் மாவட்டத்தில் இது மதத்தைப் பொறுத்து மாறும். ஒரே தெருவில் மூன்று கணக்கு.

இந்துக் குடும்பம் என்றால்: அப்பா சொந்தமாகச் சம்பாதித்த நிலம், உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால் மனைவி, மகன்கள், மகள்கள், அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவரும் சேர்த்து, ஆளுக்குச் சமபங்கு. கல்யாணமானவள், ஆகாதவள் என்ற வித்தியாசம் கிடையாது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில், 2005 செப்டம்பர் 9 முதல் மகளும் மகனைப்போலப் பிறப்பால் பங்காளி. "அப்பா 2005-க்கு முன்னாலயே போயிட்டாரே" என்ற வாதத்தை இப்போதும் சொல்வார்கள். மகளின் இந்த உரிமைக்கு அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் தீர்த்துவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்துப் பதிவு செய்ததையும் விற்றதையும் கிளற முடியாது.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால்: திருவிதாங்கூர் காலச் சட்டத்தில் மகளுக்கு மகனின் பங்கில் நாலில் ஒன்று, அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. பெரியவர்கள் பலர் இன்னும் அதையே சொல்கிறார்கள். அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாமல் போய்விட்டது என்று 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது இருப்பது இந்திய வாரிசுரிமைச் சட்டம்: உயில் இல்லையென்றால் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, மீதி மூன்றில் இரண்டு மகன், மகள் எல்லோருக்கும் சமமாக. 90 சென்ட் நிலம், அம்மாவும் மூன்று பிள்ளைகளும் என்றால் அம்மாவுக்கு 30, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 20.

"நகையும் பணமும் கொடுத்துத்தானே கெட்டிச்சு விட்டோம்" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் வரும். கிறிஸ்தவர்களுக்கு இதற்கு நேரடியான பதில் சட்டத்திலேயே இருக்கிறது. அப்பா உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் 49-வது பிரிவு சொல்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் வரதட்சணை கொடுத்ததற்காகப் பங்கைக் குறைக்க எந்தப் பிரிவும் இல்லை.

முஸ்லிம் குடும்பத்தில் மகளுக்கு மகனின் பங்கில் பாதி, பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று.

உயில் இருக்கிறது என்று சொன்னால் பதறாதீர்கள், காட்டச் சொல்லுங்கள். நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றில் உயில் வராது. எழுதியவர் இறந்தபின், இறப்புச் சான்றோடு விண்ணப்பித்தால் பதிவு செய்த உயிலின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பதிவு செய்யாத உயிலும் செல்லும்தான். ஆனால் சாட்சிகள் இருவர் கையெழுத்து வேண்டும், வழக்கு வந்தால் உயிரோடுள்ள சாட்சிகளில் ஒருவராவது வந்து நிரூபிக்க வேண்டும். அதோடு, இந்துக் குடும்பத்தின் பூர்வீகக் கூட்டுச் சொத்து என்றால் அப்பா தன் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும், உங்கள் பங்கை எழுத முடியாது.

3. காகிதங்களைச் சேர்ப்பது

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். இங்கே ஒரு எண் பிசகினாலும் கடைசிவரை இழுக்கும்.

இறப்புச் சான்று: 21 நாளைக்குள் பதிந்திருந்தால் சிக்கல் இல்லை. ஓராண்டு தாண்டியும் பதியாமல் இருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு வாங்க வேண்டும். நமக்கு நாகர்கோவில், பத்மநாபபுரம் என்று இரண்டு கோட்டங்கள். சான்றில் உள்ள பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். நம்மூரில் ஞானமுத்து, ஞானமுத்து நாடார், அருள் ஞானமுத்து எல்லாம் ஒரே ஆளாக இருப்பார். அலுவலகத்துக்கு அவர்கள் மூன்று பேர்.

பட்டா, அ-பதிவேடு (சர்வே எண்வாரியான கிராம நிலக் கணக்கு), புலப்பட வரைபடம் (நிலத்தின் அளவைப் படம்): வருவாய்த்துறையின் இணைய சேவைப் பக்கத்தில் வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து இலவசமாக எடுக்கலாம். வட்டத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். விளவங்கோடு, கல்குளத்தில் இருந்த பல ஊர்கள் இப்போது கிள்ளியூர், திருவட்டார் வட்டங்களில் இருக்கின்றன. பழைய ஆதாரத்தில் உள்ள வட்டத்தில் தேடினால் நிலமே இல்லை என்று காட்டும்.

வில்லங்கச் சான்று: பதிவுத்துறை இணையதளத்தில் பொதுவாக 1975-க்குப் பிந்தையதை இலவசமாகப் பார்க்கலாம். சான்றொப்பத்துடன் வேண்டுமென்றால் காலத்தைப் பொறுத்துக் கட்டணம் உண்டு. அதற்கும் முன்னால் போக வேண்டுமென்றால் அலுவலகத்தில் கையால் தேடிக் கொடுப்பார்கள். பழைய சர்வே எண்ணிலும் மறுஅளவை எண்ணிலும் தனித்தனியாகத் தேடுங்கள். ஒன்றில் மட்டும் தேடி "வில்லங்கம் இல்லை" என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். இன்னொரு எண்ணில் ஒரு ஒற்றி, அதாவது அடமானம், ஒளிந்திருக்கலாம்.

மூல ஆதாரம்: அண்ணன் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாலும் பரவாயில்லை. ஆவண எண்ணும் ஆண்டும் தெரிந்தால் சான்றிட்ட நகல் கிடைக்கும். 1956-க்கு முந்தையது பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும், ஆண்டு கொல்லம் கணக்கில் இருக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை என்றால் கொல்லம் ஆண்டோடு 824-ஐயும், ஜனவரிக்குப் பிறகு என்றால் 825-ஐயும் கூட்டுங்கள். 1100 ஆவணி என்றால் 1924 ஆகஸ்ட். மலையாளம் வாசிக்கத் தெரிந்த பழைய ஆதார எழுத்தர்கள் தக்கலை, குழித்துறை பக்கம் இன்னும் இருக்கிறார்கள். வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு வராமல், வரிக்கு வரி தமிழில் எழுதி வாங்குங்கள்.

அளவு: ஆதாரத்தில் சென்ட், பட்டாவில் ஹெக்டேர், ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட். பட்டாவில் 0.12.50 என்று இருந்தால் பன்னிரண்டரை ஏர், அதாவது ஏறக்குறைய 31 சென்ட். ஆதாரத்தில் 35 சென்ட் என்று இருந்து பட்டாவில் 31 வந்தால், நாலு சென்ட் மறுஅளவையில் எங்கே போனது என்று இப்போதே கேளுங்கள். பாகம் பிரித்தபின் கேட்டால் அது உங்கள் பங்கில் விழுந்த குறையாக ஆகிவிடும்.

மலையோர ஊர்க்காரர்களுக்கு ஒன்று கூடுதலாக: நிலம் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரித்துவிடுங்கள். அப்படியென்றால் அனுமதி இல்லாமல் பத்திரம் பதிய மாட்டார்கள். ரப்பர் விளை வைத்திருப்பவர்கள் பலருக்கு இது பத்திரம் எழுதிய பிறகுதான் தெரியவருகிறது.

4. வாரிசுச் சான்று

இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, வாரிசுகள் எல்லோருடைய ஆதார், உறவைக் காட்டும் சான்று ஏதாவது ஒன்று கேட்பார்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து அனுப்ப, வட்டாட்சியர் கொடுப்பார்.

நம் வீடுகளில் பெண்கள் பெயர் காணாமல் போவது இந்த இடத்தில்தான். கல்யாணமாகிப் போன பெண்ணின் பெயர் ரேஷன் கார்டில் இருக்காது. "வீட்டில யாரெல்லாம்?" என்று விசாரிக்க வரும்போது அண்ணன் தன் பெயரையும் அம்மா பெயரையும் சொல்லி முடித்துவிடுவார். அதனால் முடிந்தால் விண்ணப்பத்தை நீங்களே போடுங்கள். யார் விண்ணப்பிக்க வேண்டும் என்பதற்கு ஆண் பெண் விதி கிடையாது. அப்பா பெயர் உள்ள பள்ளி மாற்றுச் சான்றிதழோ ஞானஸ்நானச் சான்றோ பிறப்புச் சான்றோ கொண்டுபோங்கள். உடன்பிறந்தவள் யாராவது இறந்திருந்தால் அவள் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு, அவர்களையும் சொல்லுங்கள்.

உங்கள் பெயரை விட்டுவிட்டு ஏற்கெனவே சான்று வாங்கியாயிற்று என்றால், வட்டாட்சியருக்கு எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள், அப்புறம் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது: வாரிசுச் சான்று யார் வாரிசு என்று மட்டும்தான் சொல்லும், யாருக்கு எத்தனை சென்ட் என்று சொல்லாது. அதில் பெயர் விட்டுப்போனதால் உரிமை போய்விடவில்லை.

5. உடனே கூட்டுப்பட்டா

பாகம் பிரிக்கும்வரை காத்திருக்காதீர்கள். வாரிசுச் சான்றையும் இறப்புச் சான்றையும் வைத்து, எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப்பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். இதுவும் 60 ரூபாய்தான், நிலத்தைத் துண்டாக அளந்து தனி எண் கொடுக்கும் உட்பிரிவு வேலை இல்லாததால் 15 நாளில் முடிய வேண்டியது. முடியாவிட்டால் விண்ணப்ப எண்ணோடு போய்க் கேளுங்கள்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். கூட்டுப்பட்டாவில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் நிலத்தை வாங்க வருகிறவர், ஒற்றிக்குப் பணம் கொடுப்பவர், வங்கி, எல்லோரும் உங்கள் கையெழுத்தைக் கேட்பார்கள். பிறகு பத்திரம் பதியும்போதும் பட்டா அப்பா பெயரில் கிடப்பதைவிட வாரிசுகள் பெயரில் இருந்தால் வேலை சுலபம். அண்ணனோடு பேச்சுவார்த்தை நல்லபடியாக இருக்கும் நாளிலேயே இதை முடித்துவிடுங்கள். மைனிமார் பேச்சில் கலந்துகொள்ள ஆரம்பித்தபின் எல்லாமே மெதுவாகிவிடும்.

6. பாகம் பிரிப்பது

முதலில் நிலத்தில் பிரியுங்கள், அப்புறம்தான் தாளில். ஆதார எழுத்தர் மேசையில் உட்கார்ந்து "வடபாகம் 20 சென்ட், தென்பாகம் 20 சென்ட்" என்று எழுதிவிட்டு வந்தால், தென்பாகத்துக்குப் போக வழியே இல்லை என்பது நாற்றைச் சுமந்துகொண்டு போகும் அன்றைக்குத்தான் தெரியும்.

வயல் என்றால் கும்பப்பூ அறுவடை முடிந்து ஏலா காய்ந்து கிடக்கும் மார்ச், ஏப்ரலில் அளப்பது நல்லது. கன்னிப்பூ விதைத்துவிட்டால் யாரும் வயலில் சங்கிலி இழுக்க விடமாட்டார்கள். அக்டோபர், நவம்பர் மழையில் அளவையரும் வரமாட்டார்.

பார்க்க வேண்டியவை: ரோட்டு முகப்பு யார் பங்கில் விழுகிறது? மடையிலிருந்து தண்ணீர் யார் கண்டம் (வயல் துண்டு) வழியாக வருகிறது? கிணறும் மின்மோட்டார் இணைப்பும் யாருக்கு? விளையில் எத்தனை காய்க்கும் தென்னை, எத்தனை பால் வெட்டும் ரப்பர் யார் பக்கம் நிற்கிறது? பெண்ணுக்குச் சென்ட் கணக்கில் சரியாகக் கொடுத்துவிட்டு, ஓடையோரத்துப் பாறைக்கெட்டைத் தள்ளிவிடுவதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். சமபங்கு என்றால் மதிப்பில் சமம். முகப்பு அண்ணனுக்கு என்றால் உங்களுக்குச் சென்ட் கூட வேண்டும், அல்லது பணம் வேண்டும்.

இதெல்லாம் பேசி முடித்ததும் பத்திரத்தில் எழுத்தாக வர வேண்டும். நடைவழியா வண்டிப்பாதையா, எத்தனை அடி அகலம், எந்த எல்லையோரம். கிணற்றில் யாருக்கு எந்த நாள் தண்ணீர். நான்கெல்லை, அளவோடு கூடிய வரைபடம். "வழக்கம்போல் நடந்துகொள்ள வேண்டியது" என்று எழுத்தர் எழுதினால் வெட்டச் சொல்லுங்கள்.

செலவு: குடும்பத்தினருக்கு இடையிலான பாகப்பிரிவினைக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், பதிவுக்கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலை முதல் இதற்கு உச்சவரம்பு ஒரு பங்குக்கு முறையே 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும். வழிகாட்டி மதிப்பில் 6 லட்சம் ரூபாய் பெறும் பங்கு என்றால் 6,000-மும் 6,000-மும், ஆகமொத்தம் 12,000. எழுத்துக்கூலி தனி, அதை முதலிலேயே பேசிவிடுங்கள். கட்டணம் இணையத்தில் கட்டுவதுதான், "ஆபீஸ் செலவு" என்று எழுத்தர் தனியாகக் கேட்டால் ரசீது கேளுங்கள்.

விடுதலைப் பத்திரத்தையோ இஷ்டதானத்தையோ (தானமாக எழுதிக் கொடுக்கும் பத்திரம்) காட்டி "இதுதான் செலவு குறைவு" என்பார்கள். நீங்கள் கொடுக்கும் ஆளா வாங்கும் ஆளா என்று மட்டும் பாருங்கள். உங்கள் பங்குக்குப் பதில் பணம் வாங்கிக்கொள்ள நீங்களே விரும்பினால் அதில் தப்பில்லை. ஆனால் முழுத் தொகையும் வங்கி வழியாக வந்தபின், அந்தப் பரிமாற்ற விவரத்தைப் பத்திரத்தில் எழுதியபின் கையெழுத்துப் போடுங்கள். "பாக்கி சித்திரைக்குத் தாறேன்" என்பது பத்திரத்தில் இருக்காது.

அம்மாவுக்கும் சேர்த்து ஒன்று: தன் பங்கை மகனுக்கு எழுதிக்கொடுக்கும் தாய்மார், "கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். அப்படி எழுதியிருந்தால், கவனிக்காமல் விட்டால் 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து அதை ரத்து செய்யலாம். எழுதாவிட்டால் கஷ்டம்.

பதிவு நாளில் எல்லாப் பங்காளிகளும் நேரில் வர வேண்டும், ஆதாரோடு இரண்டு சாட்சிகள். மூல ஆதாரம் கேட்பார்கள், அதனால் அது யார் கையில் இருக்கிறதோ அவர் வருவதை உறுதி செய்துகொள்ளுங்கள். பாகப்பத்திரத்தின் அசல் ஒருவர் கையில்தான் இருக்கும். உங்களுக்கு ஒரு பிரதியையும் சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள், அல்லது சான்றிட்ட நகலை அன்றே வாங்குங்கள்.

7. உட்பிரிவும் தனிப்பட்டாவும்

பத்திரம் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் ஏராளம். பட்டா மாறாமல் பத்து வருஷம் கிடக்கும்.

உங்கள் பங்கு முழு சர்வே எண்ணாக இருந்தால் அளவை தேவையில்லை. எண்ணுக்குள் ஒரு பகுதி என்றால் உட்பிரிவு செய்ய வேண்டும். ஊராட்சிப் பகுதியில் ஓர் உட்பிரிவுக்கு 400 ரூபாய், பதிவின்போதே கட்டிவிடலாம், விண்ணப்பம் வட்ட அலுவலகத்துக்குப் போய்விடும். குறுவட்ட அளவையர் வந்து அளக்க வேண்டும், 30 நாள் என்பது கணக்கு. அளக்கும் நாளில் நீங்கள் நிலத்தில் நிற்க வேண்டும். கணவரையோ மகனையோ அனுப்பினால் போதும் என்று இருக்காதீர்கள். கல் போடும் இடத்தைக் கண்ணால் பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

விண்ணப்பம் தள்ளுபடி ஆனால் காரணத்தை எழுத்தில் வாங்கிக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலர். சின்னத் தடங்கல் என்றால் மே, ஜூன் வாக்கில் வட்டத்தில் நடக்கும் ஜமாபந்தியில், அதாவது கிராமக் கணக்குத் தணிக்கையில், மனு கொடுப்பது பலன் தரும். கிராமக் கணக்குகள் எல்லாம் அன்றைக்கு மேசையில் இருக்கும். திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளும் உண்டு. எங்கே கொடுத்தாலும் மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள்.

8. அண்ணன் சம்மதிக்கவில்லை என்றால்

பாகப்பிரிவினை வழக்குத்தான் வழி. ஆனால் அதற்குமுன் வக்கீல் நோட்டீஸ் ஒன்று. பாதி வீடுகளில் அந்த நோட்டீசோடு பேச்சு தொடங்கிவிடுகிறது.

வக்கீல் செலவுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வக்கீலும் நீதிமன்றக் கட்டணமும் அதில் அடங்கும். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசியில் 15100. அங்கிருந்து லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) போய் சமரசம் ஆனால் அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

கட்டண விஷயத்தில் ஒரு நுணுக்கம். நீங்களும் நிலத்தைக் கூட்டாக அனுபவிக்கிறீர்கள் என்றால் வழக்குக் கட்டணம் சிறிய நிலையான தொகை. உங்களை முழுவதும் வெளியேற்றிவிட்டார்கள் என்றால் பங்கின் மதிப்பில் 3 சதவீதம். அதனால் அறுப்புக்கு வரும் நெல்லில், தேங்காயில் ஒரு பங்கு உங்களுக்கு வந்துகொண்டிருந்தால் அதை நிறுத்த விடாதீர்கள், வாங்கியதற்குக் குறிப்பு வையுங்கள். நிலத்தீர்வையை ஒரு வருஷமாவது நீங்கள் கட்டி ரசீது வாங்குங்கள்.

காலமும் முக்கியம். கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து உங்களை ஒதுக்கியது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டு. "உனக்கு ஒண்ணும் கிடையாது" என்று கடிதத்திலோ வாட்ஸப்பிலோ வந்த நாளிலிருந்தே எண்ணத் தொடங்குவார்கள்.

அவர் விற்கப்போகிறார் என்று தெரிந்தால் சார்பதிவாளருக்கு வெறும் ஆட்சேபணை மனு கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை வேண்டும். அப்படியே விற்றுவிட்டாலும் தன் பங்கைத்தான் அவர் விற்க முடியும். வாங்கியவர் உங்கள் பங்குக்குச் சொந்தக்காரர் ஆக மாட்டார். இந்த ஒரு வரியை வாங்க வருகிறவர் காதில் போட்டுவைத்தால் பாதி விற்பனை தானே நின்றுவிடும்.

9. பட்டா கையில் வந்தபின்

அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், உங்கள் பெயரும் பயிரும் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். வேளாண் அலுவலகத்தில் விவசாயிக்கான தனித்துவ அடையாள எண் வாங்குங்கள். சிறு, குறு விவசாயி சான்று வாங்கினால் மானியங்களில் உதவும். பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் வந்தவர்களுக்குப் பொதுவாகக் கிடையாது, வாரிசாக வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் கணவன், மனைவி, சிறுவயதுப் பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம் என்று கணக்கு, கணவர் ஏற்கெனவே வாங்கினால் உங்களுக்கு வராது.

பக்கத்துக் கண்டம் விலைக்கு வந்து வாங்குவதாக இருந்தால் பெண் பெயரில் பதியுங்கள். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய்க்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. நிலமே இல்லாத ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயத் தொழிலாளிப் பெண்களுக்குத் தாட்கோவின் (ஆதிதிராவிடர் வீட்டுவசதி, மேம்பாட்டுக் கழகம்) நன்னிலம் திட்டம் இருக்கிறது: நிலத்தின் விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம், முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் முழு விலக்கு. விண்ணப்பம் நாகர்கோவில் தாட்கோ அலுவலகத்தில்.

10. உங்களுக்குப் பின்

இந்துப் பெண்ணுக்குப் பெற்றோரிடமிருந்து வந்த நிலம், அவருக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இல்லையென்றால் கணவருக்குப் போகாது, அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பும். வேறு யாருக்காவது போக வேண்டும் என்று நினைத்தால் உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும், உங்களைவிட இளைய இரண்டு சாட்சிகள், அவர்கள் உயிலில் பயன்பெறாதவர்களாக இருக்கட்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிந்துவிடுங்கள். பதிவு எண்ணை மட்டும் மகளின் கைப்பேசிக்கு அனுப்பி வையுங்கள்.